கீழ்த்தளம் காலியான கதை: பெரம்பூரில் ஒரு வெளியேற்ற வழக்கு

பெரம்பூரில் கீழும் மேலுமாக இரண்டு குடியிருப்புகள் கொண்ட ஒரு சிறிய கட்டடம். மேல்தளத்தில் உரிமையாளர், கீழ்த்தளத்தில் வாடகைதாரர். உரிமையாளர் என் சித்தி. ரயில்வே பணிமனையில் வேலை பார்த்த சித்தப்பா ஓய்வு பெறுவதற்குச் சில ஆண்டுகள் முன்பு, வருங்கால வைப்பு நிதியில் கடன் எடுத்துக் கட்டிய வீடு அது. அவர் 2018-ல் காலமானார். அதன்பிறகு சித்திக்கு இரண்டே வருமானங்கள்: குடும்ப ஓய்வூதியம், கீழ்வீட்டு வாடகை. பிள்ளைகள் இருவரும் வெளியூரில் இருந்ததால், வழக்குக்கான காகிதங்களை முதல் நாளிலிருந்து கடைசி நாள்வரை பார்த்துக்கொண்டது நான்தான். சித்தியின் அனுமதியோடு எழுதுகிறேன்; ஆட்களின் அடையாளங்களை விட்டுவிட்டேன்.

வீட்டுக்காரர் என்றாலே பத்து வீடு வைத்திருப்பவர் என்று நினைப்பவர்களுக்காக இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஒரே ஒரு வீட்டை வாடகைக்கு விட்டவருக்கு, வாடகை நின்றுபோனால் நிற்பது மருந்துச் செலவு. பெரிய உரிமையாளர் ஒரு வீட்டின் நஷ்டத்தை இன்னொரு வீட்டின் வாடகையால் ஈடுகட்டிக்கொள்வார். சித்தி மாதிரியானவர்களுக்கு அந்த வசதி கிடையாது. வழக்கு நடக்கும் காலம் முழுவதும் அவர்கள் தங்கள் வீட்டில் இன்னொருவர் இலவசமாகக் குடியிருப்பதைப் பார்த்துக்கொண்டே வழக்கறிஞர் கட்டணமும் கட்ட வேண்டும்.

வாடகைதாரர் 2014-ல் குடிவந்தார். மாத வாடகை படிப்படியாக ஏறி 9,000 ரூபாயில் நின்றது. முன்பணம் 90,000, அதாவது, சென்னையில் பல காலமாக வழக்கத்தில் இருக்கும் பத்து மாத அட்வான்ஸ். முத்திரைத்தாளில் 11 மாத ஒப்பந்தம் ஒன்று போட்டார்கள். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையை 1908-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டப்படி பதிவு செய்தாக வேண்டும் என்பதால் ஊரெல்லாம் 11 மாதம் போடுகிறது. சித்தப்பாவும் அப்படியே போட்டார். 2015-ல் அது முடிந்தது. பிறகு யாரும் புதுப்பிக்கவில்லை. உறவு நன்றாக இருந்தது. தீபாவளிக்குப் பலகாரம் மேலிருந்து கீழே போகும், பொங்கலுக்குக் கரும்பு கீழிருந்து மேலே வரும்.

2020-ல் கொரோனா ஊரடங்கு வந்தபோது வாடகைதாரரின் சிறுதொழில் அடிபட்டது. சித்தி அப்போது மூன்று மாத வாடகையைப் பாதியாகக் குறைத்துக்கொண்டார். அதை அவர் பெரிய தியாகமாக ஒருநாளும் சொன்னதில்லை. தொழில் திரும்ப எழுந்தது; ஆனால் வாடகை வரும் தேதி தள்ளிக்கொண்டே போனது. 2022 மார்ச் மாத வாடகைதான் முழுசாக வந்த கடைசி வாடகை. ஏப்ரலில் கேட்டபோது, "அட்வான்ஸ் உங்களிடம்தானே இருக்கிறது அம்மா, அதில் கழித்துக்கொள்ளுங்கள்" என்றார். வீட்டை எப்போது காலி செய்வீர்கள் என்று கேட்டபோது பதில் இல்லை.

நான்கு குறைகள், ஒரு காரணம்

வழக்கறிஞரை முதன்முறை பார்க்கப் போனபோது சித்தி மனத்தில் நான்கு குறைகள் இருந்தன. வாடகை வரவில்லை. பின்கட்டு அறையில் வாடகைதாரரின் உறவினர் ஒருவர் தொடர்ந்து தங்குகிறார். அவரிடம் காசு வாங்குவதாகச் சந்தேகம். ஒப்பந்தம் முடிந்து ஆண்டுக்கணக்காகிவிட்டது. எல்லாவற்றுக்கும் மேலாக, சித்திக்கு இரண்டு முழங்காலும் தேய்ந்து மாடிப்படி ஏற முடியவில்லை. கீழ்த்தளம் அவருக்கே வேண்டும். இந்தக் கடைசிக் காரணத்தைச் சொல்லும்போது அவர் குரல் தழுதழுத்தது. "என் வீட்டின் கீழ்த்தளத்தில் நான் படுத்துக்கொள்ள யாரிடம் அனுமதி கேட்க வேண்டும்?" என்றார்.

வழக்கறிஞர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, ஒவ்வொன்றையும் எப்படி நிரூபிப்பது என்று கேட்டார். அந்தக் கேள்விதான் இந்த வழக்கின் திருப்புமுனை. சிறு வீட்டுக்காரர்கள் பெரும்பாலும் தங்கள் மனக்குறை அத்தனையையும் ஒரே மனுவில் கொட்டிவிட நினைக்கிறார்கள். நீதிமன்றத்துக்குத் தேவைப்படுவது சட்டத்தில் எழுதியிருக்கும் காரணங்களில் ஒன்று, அதற்குச் சான்று. எந்தக் காரணம் நம்மை அதிகம் வாட்டுகிறதோ அதுவே நீதிமன்றத்தில் வலுவானதாக இருக்கும் என்று எந்த உத்தரவாதமும் கிடையாது.

தமிழ்நாட்டில் 1960-ஆம் ஆண்டின் கட்டடங்கள் (குத்தகை மற்றும் வாடகைக் கட்டுப்பாடு) சட்டம் நெடுங்காலம் நடைமுறையில் இருந்தது. அதன்கீழ் தொடுத்த வெளியேற்ற வழக்குகள் தலைமுறை தாண்டியும் இழுத்தன என்ற பேச்சைக் கேட்காத சென்னைக் குடும்பம் குறைவு. அதற்கு மாற்றாக நில உரிமையாளர்கள், வாடகைதாரர்களின் உரிமைகளையும் பொறுப்புகளையும் முறைப்படுத்தும் சட்டம் 2017-ல் இயற்றப்பட்டு, 2019 பிப்ரவரி 22-ல் நடைமுறைக்கு வந்தது. வாடகை அதிகார அமைப்பு, வாடகை நீதிமன்றம், மேல்முறையீட்டுக்கு வாடகைத் தீர்ப்பாயம் என்று மூன்று படிகளை அது வைத்தது. சென்னை நகரில் வாடகை நீதிமன்றப் பொறுப்பு, உயர் நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சிறு வழக்குகள் நீதிமன்றத்திடம் இருக்கிறது.

புதிய சட்டத்தின் 21(2) பிரிவு வெளியேற்றத்துக்கான காரணங்களை வரிசைப்படுத்துகிறது. சித்தியின் குறைகளை வழக்கறிஞர் அந்தப் பிரிவோடு ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்த்தார்.

வாடகை பாக்கி என்பது எல்லோரும் முதலில் எடுக்கும் காரணம். இரண்டு மாத பாக்கி இருந்து, கேட்பு அறிவிப்பு கிடைத்து ஒரு மாதத்துக்குள் கட்டாவிட்டால் வெளியேற்றம் கோரலாம். ஆனால் சித்தியின் கையில் 90,000 ரூபாய் முன்பணம் இருந்தது. அன்றைக்கு பாக்கி அதைவிடக் குறைவு. பழைய சட்டம் ஒரு மாத வாடகைக்குமேல் முன்பணம் வாங்க இடம் தரவில்லை. கூடுதலாக வாங்கிய தொகை பாக்கியை ஈடுகட்டும் அளவுக்கு இருக்கும்போது வாடகைதாரரை வேண்டுமென்றே தவறியவர் என்று சொல்ல முடியாது என உச்ச நீதிமன்றம் 1996-ல் ஒரு தமிழ்நாட்டு வழக்கிலேயே சொல்லியிருக்கிறது. புதிய சட்டமோ, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைதான் முன்பணத்தின் உச்சவரம்பு என்கிறது. ஆக, பாதுகாப்புக்காக வாங்கிய பத்து மாத அட்வான்ஸே வாடகைதாரரின் கேடயமாகிவிடும். "அதில் கழித்துக்கொள்ளுங்கள்" என்று அவர் சொன்னது விவரம் தெரிந்து சொன்னதா, வாய்க்கு வந்ததைச் சொன்னதா என்று எனக்குத் தெரியாது. சட்டப்படி அது வெறும் பேச்சாக ஒதுக்கக்கூடியது இல்லை.

உள்வாடகை விஷயத்தில் சான்று எதுவும் கிடையாது. தங்கியிருப்பவர் மைத்துனர் என்று சொல்லிவிட்டால் விஷயம் முடிந்தது. சொந்தத் தேவை உண்மையானது, மருத்துவச் சான்றும் இருந்தது. ஆனால் அங்கே வேறொரு சிக்கல். புதிய சட்டம் எழுத்து ஒப்பந்தத்தையும் அதை வாடகை அதிகார அமைப்பிடம் பதிவதையும் அடித்தளமாக வைத்திருக்கிறது. பதிவு செய்ய வேண்டிய ஒப்பந்தம் பதிவாகாவிட்டால் அதைச் சான்றாக ஏற்கக்கூடாது என்று 4அ பிரிவு சொல்கிறது. நம்மிடம் பதிவான ஒப்பந்தமும் இல்லை, நடப்பில் உள்ள ஒப்பந்தமும் இல்லை. மற்ற காரணங்களைப் பிடித்துக்கொண்டு போனால், ஒப்பந்தம் இல்லாத நீங்கள் இந்த நீதிமன்றத்தில் இதைக் கேட்கலாமா என்ற ஒரே கேள்வியில் வழக்கு மாட்டிக்கொள்ளும் என்றார் வழக்கறிஞர்.

பிறகு அவர் சொன்னதைக் கேட்டுச் சித்தி ஒரு கணம் திகைத்தார். "அம்மா, ஒப்பந்தம் இல்லையே என்று பயந்துகொண்டு வந்தீர்கள். நமக்குக் காரணமே அதுதான்."

சட்டம் வருவதற்கு முன்பே எழுத்து ஒப்பந்தம் இல்லாமல் நடந்துகொண்டிருந்த வாடகைகளுக்கு 4(2) பிரிவு ஒரு கெடு வைத்தது. இரு தரப்பும் அதற்குள் எழுத்து ஒப்பந்தம் செய்துகொள்ள வேண்டும். அந்தக் கெடு திருத்தங்களால் 575 நாட்கள்வரை நீண்டது. அப்படியும் ஒப்பந்தம் ஏற்படாவிட்டால், வாடகை உறவை முடித்துத் தரும்படி கேட்கும் உரிமை இரு தரப்புக்கும் உண்டு. 21(2)-இன் முதல் உட்பிரிவு அதுதான். 2014-ல் தொடங்கி, 2015-க்குப் பிறகு காகிதமே இல்லாமல் ஓடிய சித்தி வீட்டு வாடகைக்கு இது அப்படியே பொருந்தியது. உள்வாடகை, பாக்கி, முழங்கால் வலி எல்லாம் மனுவில் பின்னணியாக இருக்கும். வழக்கு நிற்பது இந்த ஒரு காலில்.

சித்திக்கு இதை ஏற்பது எளிதாக இருக்கவில்லை. தன் வலியும் தன் தேவையும் இரண்டாம் வரிசைக்குப் போய், ஒரு காகிதம் முதல் வரிசைக்கு வருவது அவருக்கு அவமதிப்பாகப் பட்டது. வீடு திரும்பும் வழியில் ஆட்டோவில் அவர் எதுவும் பேசவில்லை. அந்த வருத்தம் நியாயமானது என்றே நான் இன்றும் நினைக்கிறேன். ஆனால் வழக்கறிஞரின் தேர்வு சரி.

கதவு பூட்டியிருந்ததாம்

முதல் வேலையாக 2022 ஆகஸ்டில் ஒரு கடிதமும் ஒரு வரைவு ஒப்பந்தமும் அனுப்பினோம். அதே வாடகை, 11 மாதம், பதிவுச் செலவு உரிமையாளருடையது. வாடகையை ஏற்றவில்லை, அது வேண்டுமென்றே எடுத்த முடிவு. ஏற்றியிருந்தால், ஒப்பந்தம் ஏற்படாததற்குக் காரணம் வீட்டுக்காரரின் பேராசை என்று வாதிட வாய்ப்புக் கொடுத்திருப்போம். கையெழுத்திடச் சிரமமில்லாத ஒரு காகிதத்தை நீட்டி, அதற்கு வரும் மௌனத்தைப் பதிவு செய்வதே நோக்கம்.

பதிவுத் தபால், ஒப்புகை அட்டையோடு. தபால்காரர் திரும்பக் கொண்டுவந்த உறையின் மீது "கதவு பூட்டியிருந்தது, தகவல் தரப்பட்டது" என்ற குறிப்பும் அதன்கீழ் மூன்று தேதிகளும் இருந்தன. அதே நாட்களில் கீழ்வீட்டுத் தொலைக்காட்சிச் சத்தம் மாடிவரை கேட்டுக்கொண்டிருந்தது. சித்திக்கு ஆத்திரம். ஆனால் அந்த உறை பத்திரமாக வைக்க வேண்டிய சொத்து. சரியான முகவரிக்குப் பதிவுத் தபாலில் அனுப்பிய கடிதம் சேர்ந்ததாகவே கருதப்படும் என்று 1897-ஆம் ஆண்டின் பொது உட்பிரிவுகள் சட்டத்தின் 27-ஆவது பிரிவு கூறுகிறது. உறையைப் பிரிக்காமல் அப்படியே கோப்பில் வைக்கச் சொன்னார் வழக்கறிஞரின் குமாஸ்தா. பிரித்துவிட்டால் உள்ளே இருந்த காகிதம் இதுதான் என்று பிறகு காட்டுவது கடினம். அனுபவசாலிகளிடம் இப்படிப்பட்ட சின்னச் சின்ன அறிவு இருக்கிறது. சட்டப் புத்தகத்தில் அது கிடைக்காது.

நவம்பர் தொடக்கத்தில் வழக்கறிஞர் அறிவிப்பு போனது. மாத வாடகையை முடிக்கச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 106-ஆவது பிரிவு 15 நாள் அவகாசம் கேட்கிறது. நவம்பர் 30-ஆம் தேதியோடு வாடகை உறவு முடிகிறது என்று எழுதினோம். இம்முறை தபாலோடு நிற்காமல், ஒரு நகலைக் கீழ்வீட்டு வாசற்கதவில் ஒட்டி, கதவு எண் தெரியும்படி புகைப்படமும் எடுத்தோம். நேரில் கொடுக்க முடியாதபோது கண்ணில் படும் இடத்தில் ஒட்டலாம் என்று அதே பிரிவு அனுமதிக்கிறது.

டிசம்பர் முதல் வாரத்தில் சித்தியின் கைப்பேசியில் ஒரு செய்தி வந்தது: கணக்கில் 9,000 ரூபாய் வரவு. அத்தனை மாதம் ஒன்றும் தராதவர், அறிவிப்பு கிடைத்ததும் ஒரு மாத வாடகையை அனுப்பியிருந்தார். சித்திக்குச் சந்தோஷம். வழக்கறிஞர் அதே செய்தியைக் கேட்டு எச்சரிக்கையானார். அறிவிப்புக்குப் பிறகு வாடகையை வாடகையாகவே வாங்கிக்கொண்டால், அறிவிப்பை உரிமையாளரே கைவிட்டார் என்று வாதிடச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 113-ஆவது பிரிவு இடம் கொடுக்கிறது. முன்பெல்லாம் பணத்தை வாங்க மறுக்கலாம். இப்போது அது கேட்காமலே கணக்கில் வந்து விழுகிறது. அன்றே ஒரு கடிதம் எழுதினோம்: இந்தத் தொகையை வாடகையாக ஏற்கவில்லை, வாடகை முடிந்தபின் குடியிருப்பதற்கான இழப்பீட்டுக் கணக்கில், எங்கள் உரிமைகளுக்குக் குந்தகமின்றி வரவு வைக்கிறோம். அந்த ஒரு பக்கக் கடிதம் பிறகு எதிர்த்தரப்பின் ஒரு முழு வாதத்தை அடைத்தது.

மோட்டாரை நிறுத்திவிடு என்றவர்கள்

இந்த இடைக்காலத்தில் சித்திக்கு ஆலோசனை சொல்ல வந்தவர்களைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. தண்ணீர் மோட்டாரை நிறுத்திவிடு, இரண்டு நாளில் ஓடிப்போவார்கள் என்றார் ஒருவர். அவர்கள் ஊருக்குப் போகும்போது பூட்டை மாற்றிவிடு என்றார் இன்னொருவர். ஆட்களை வைத்துப் பேசித் தருகிறேன், ஒரு தொகை கொடுங்கள் என்று கட்டப்பஞ்சாயத்துக்கும் ஓர் ஆள் வந்தார். காவல் நிலையத்தில் புகார் கொடுத்தபோது, இது சிவில் விவகாரம், நீதிமன்றத்துக்குப் போங்கள் என்று சொல்லிப் புகாருக்கு ரசீது மட்டும் தந்தார்கள். அந்தப் பதில் சித்திக்கு ஏமாற்றமாக இருந்தாலும், சட்டப்படி சரியானது.

மாதக்கணக்கில் வாடகை வராத ஒருவருக்கு மோட்டார் சுவிட்ச் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது வரும் சபலம் பெரியது. அதைக் குறைத்து மதிப்பிட மாட்டேன். ஆனால் அத்தியாவசியச் சேவைகளைத் தடுக்கக்கூடாது என்று 2017 சட்டம் உரிமையாளருக்கு நேரடியாகத் தடை போட்டிருக்கிறது. பூட்டை மாற்றினால் நிலைமை இன்னும் மோசம். சட்ட வழியில் அல்லாமல் வெளியேற்றப்பட்டவர், குறிப்பிட்ட நிவாரணச் சட்டத்தின் 6-ஆவது பிரிவின்கீழ் ஆறு மாதத்துக்குள் வழக்குப் போட்டு உடைமையைத் திரும்பப் பெறலாம். வீடு யாருடையது என்ற கேள்விக்கே அங்கே இடமில்லை. காலம் முடிந்தபின் தங்கியிருப்பவரையும் உரிமையாளர் சட்டப்படிதான் வெளியேற்ற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1989-ல் தெளிவாகச் சொல்லிவிட்டது. பத்து நிமிடக் கோபத்தில், பாதிக்கப்பட்டவர் என்ற இடத்திலிருந்து குற்றம் சாட்டப்பட்டவர் என்ற இடத்துக்கு மாறிவிடுவோம்.

அக்கம்பக்கத்தில் சுற்றிய இன்னொரு பயம், பன்னிரண்டு வருடம் குடியிருந்துவிட்டால் வீடு அவர்களுக்கே சொந்தம் என்பது. சித்தி இதை நம்பி இரவில் தூங்காமல் இருந்தார். வாடகைதாரர் உரிமையாளரின் அனுமதியோடு குடியிருப்பவர். அனுமதியின்றி நெடுங்காலம் அனுபவித்தவர் கோரும் எதிரிடை அனுபோக உரிமை, அனுமதியோடு இருப்பவருக்கு உருவாகாது. வாடகைக்கு வந்தவர், குடிவைத்தவரின் உரிமையையே மறுக்கக்கூடாது என்பதும் சாட்சியச் சட்டத்தில் நெடுங்காலமாக உள்ள விதி. அப்போது அது 116-ஆவது பிரிவு. பன்னிரண்டு வருடக் கணக்கு ஒன்று உண்டுதான். வாடகை முடிந்த நாளிலிருந்து உடைமையைக் கேட்டு வழக்குத் தொடர உரிமையாளருக்கு இருக்கும் கெடு அது.

வீடு யார் பெயரில்?

2023 ஜனவரியில் மனு தாக்கலானது. எண் இடப்பட்டு அறிவிப்பு போய், எதிர்த்தரப்பு வழக்கறிஞர் வைத்து, எதிருரை போட ஒன்றிரண்டு வாய்தா வாங்கி, கோடையில்தான் எதிருரை வந்தது. அதில் எதிர்பார்த்த வாதங்களோடு எதிர்பாராத ஒன்றும் இருந்தது: வீடு சித்தப்பா பெயரில் இருக்கிறது, மனுதாரர் உரிமையாளரே அல்ல.

பட்டாவும் சொத்துவரியும் மின் இணைப்பும் சித்தப்பா பெயரிலேயே இருந்தன. கணவர் இறந்தபின் பெயர்மாற்றம் செய்யாமல் காலம் தள்ளும் குடும்பங்கள் ஏராளம். கூட்டு உரிமையாளர்களில் ஒருவரே வெளியேற்ற வழக்கு நடத்தலாம் என்பது உச்ச நீதிமன்றம் 1976-லேயே ஏற்ற நிலைப்பாடு. சட்டப்படி சித்தி தனியாகவே போதும். இருந்தாலும் எதிர்த்தரப்புக்கு ஒரு இழை கூட விடக்கூடாது என்று வாரிசுச் சான்றிதழைத் தாக்கல் செய்து, பிள்ளைகள் இருவரையும் மனுதாரர்களாகச் சேர்த்தோம். வெளிநாட்டில் இருந்த மகன் தூதரகத்தில் சான்றளித்து அதிகாரப் பத்திரம் அனுப்ப வேண்டியிருந்தது. இதற்கே பல வாரங்கள் போயின.

இந்த வாதத்தை உண்மையில் உடைத்தது சித்தியின் வங்கிப் பாஸ்புக். 2018-ல் சித்தப்பா இறந்தபின் வாடகை சித்தியின் கணக்குக்கு வரத் தொடங்கியது. மாதாமாதம் அதே தொகை, அதே அனுப்புநர் பெயர். ஒப்பந்தம் இல்லாத வாடகைக்கு அந்த வரிகள்தான் ஒப்பந்தம். நான்கு ஆண்டு யாரிடம் வாடகை கட்டினாரோ அவரை உரிமையாளர் இல்லை என்று எப்படிச் சொல்வது? ரொக்கமாக வாங்கியிருந்தால் இந்தச் சான்று இருந்திருக்காது. சித்தப்பா காலத்தில் எல்லாம் ரொக்கம், ரசீதும் கிடையாது. நல்லவேளையாக அந்தக் காலம் இங்கே தகராறில் வரவில்லை.

வரைவு ஒப்பந்தத்தைப் பெறவே இல்லை என்ற வாதத்துக்கு, பிரிக்காத உறையும் கதவில் ஒட்டிய புகைப்படமும் பதில் சொல்லின. 9,000 ரூபாய் வாங்கியதால் வாடகை தொடர்கிறது என்ற வாதத்துக்கு, அன்றே எழுதிய கடிதம். குறுக்கு விசாரணையில் சித்தியிடம், "ஊரடங்கில் வாடகையை நீங்களே குறைத்தீர்களே, அப்படியானால் இப்போதும் குறைப்பதாகச் சொன்னீர்களா?" என்று கேட்டார்கள். "கஷ்டத்தில் இருந்தார்கள், குறைத்தேன். இப்போது கஷ்டத்தில் இருப்பது நான்" என்றார். வழக்கறிஞர் கற்றுக்கொடுத்த பதில் அல்ல அது.

தீர்ப்பா, சமரசமா

விசாரணை முடியும் தறுவாயில், 2023 அக்டோபரில், வாடகைதாரரின் மனைவி மாடிக்கு வந்தார். அவர் வந்து ஒரு வருடத்துக்கு மேலாகியிருந்தது.

"அம்மா, பெரியவனுக்கு இந்த வருடம் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு. நடுவில் வீடு மாறினால் பள்ளி மாற்ற வேண்டிவரும். ஏப்ரல் முடியட்டும், போய்விடுகிறோம்."

"இதைப் போன வருடமே வந்து சொல்லியிருக்கலாமே, அம்மா. நான் கேட்டிருக்க மாட்டேனா?"

"அவருக்கு உங்கள் முகத்தைப் பார்க்கக் கூச்சம். பாக்கி ஏறிக்கொண்டே போனது."

சித்தி உடனே சரி என்று சொல்லிவிட விரும்பினார். வாய்ச்சொல்லாகச் சொல்லக்கூடாது என்று நாங்கள் தடுத்தோம். இரு வழக்கறிஞர்களும் உட்கார்ந்து கணக்குப் போட்டார்கள். 2022 ஏப்ரலிலிருந்து 2023 நவம்பர்வரை 20 மாதம், 1,80,000 ரூபாய். இடையில் வந்த 9,000 போக 1,71,000. முன்பணம் 90,000-ஐக் கழித்தால் மீதி 81,000. இதற்கு மேல், வாடகை முடிந்தபின் காலி செய்யாதவர் இரட்டிப்பு வாடகை தர வேண்டும் என்ற 2017 சட்டத்தின் 23-ஆவது பிரிவின்படி 2022 டிசம்பரிலிருந்து மாதம் இன்னொரு 9,000. பன்னிரண்டு மாதத்துக்கு 1,08,000.

காகிதத்தில் சித்திக்கு வர வேண்டியது ஏறக்குறைய இரண்டு லட்சம். தீர்ப்பு நமக்குச் சாதகமாகவே வரும் என்று வழக்கறிஞர் நம்பினார். ஆனால் தீர்ப்புக்குப் பின் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு உண்டு, அங்கே இடைக்காலத் தடை கேட்பார்கள், அதன்பின் உத்தரவை நடைமுறைப்படுத்தக் கேட்கும் நிறைவேற்று மனு. பணம் வசூலாகும் என்பதற்கு உறுதி எதுவுமில்லை. சிறுதொழில்காரரிடம் ஜப்தி செய்ய என்ன இருக்கிறது? மருத்துவர் முழங்கால் மாற்று அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறித்துக்கொள்ளச் சொல்லியிருந்தார். சித்திக்குப் பணத்தைவிடக் கீழ்த்தளம் அவசரம்.

எல்லா வழக்கிலும் சமரசம் நல்லது என்று நான் சொல்ல மாட்டேன். எதிராளி ஏமாற்றுக்காரர் என்றால் சமரசம் அவருக்கு இன்னொரு வாய்தா மட்டுமே. இங்கே அது பொருந்தியதற்குக் காரணம், நம் பக்கம் விசாரணை முடிந்து வழக்கு வலுவாக நின்றது. அவர்களும் அதை அறிந்திருந்தார்கள். அதே வார்த்தைகளை 2022-ல் சொல்லியிருந்தால் காலதாமதத்துக்கான சாக்காகியிருக்கும்.

சமரச நிபந்தனைகளை எழுதி இரு தரப்பும் கையெழுத்திட்ட கூட்டுக் குறிப்பாணை தாக்கலாகி, அதன் அடிப்படையில் நீதிமன்றம் உத்தரவிட்டது. முன்பணம் முழுவதும் பாக்கியில் கழியும். மீதி 81,000-ல் 40,000 ரூபாயை இரண்டு தவணையில் கட்ட வேண்டும். மற்றதையும் இரட்டிப்பு வாடகையையும் உரிமையாளர் விட்டுக்கொடுக்கிறார். 2023 டிசம்பரிலிருந்து மாதம் 9,000 ரூபாய் பத்தாம் தேதிக்குள் வர வேண்டும். 2024 ஏப்ரல் 30-க்குள் காலி உடைமை ஒப்படைக்க வேண்டும். இதில் எது தவறினாலும் விட்டுக்கொடுத்த தொகை முழுதும் உயிர்பெறும். புதிதாக வழக்குப் போடாமல் நேரடியாக நிறைவேற்று மனுப் போடலாம். கடைசி நிபந்தனையை எழுத்துக்கு எழுத்து சரிபார்த்தோம். அது இல்லாத சமரசம் வெறும் வாக்குறுதி.

சாவி கைமாறிய நாள்

ஏப்ரல் கடைசி வாரத்தில் காலி செய்தார்கள். சாவியை வாங்குவதற்கு முன் செய்ய வேண்டியவை இருந்தன. மின் மீட்டர் எண்ணைப் புகைப்படம் எடுத்தோம். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுப்பு என்பதால், காலி செய்த நாளுக்கும் அடுத்த பில்லுக்கும் இடைப்பட்ட யூனிட்டுகள் யார் தலையில் என்ற தகராறு எளிதில் வரும். அன்றைய அளவைக் கொண்டு கணக்குப் போட்டு அங்கேயே தொகையை வாங்கினோம். வாசற்கதவு, பின்கட்டுக் கிரில், மோட்டார் அறை என்று மூன்று சாவிகள். ஒவ்வொரு அறையையும் வெறுமையாகப் படம் பிடித்தோம். ஒரு பொருள்கூட உள்ளே இல்லை, முழு உடைமையும் ஒப்படைக்கப்பட்டது, வேறு யாரும் வீட்டில் உரிமை கோரித் தங்கவில்லை என்று ஒரு கடிதத்தில் இருவரும் கையெழுத்திட்டார்கள். பின்கட்டில் தங்கியிருந்த உறவினரையும் சாட்சியாகக் கையெழுத்திட வைத்தோம். உள்வாடகைக் கேள்வி பிறகு எந்த ரூபத்திலும் வரக்கூடாது என்பதற்காக. சமரச உத்தரவு நிறைவேறிவிட்டது என்று நீதிமன்றத்திலும் பதிவு செய்தாயிற்று.

இரண்டாம் தவணை 20,000 ரூபாய் இரண்டு மாதம் தாமதமாக வந்தது. நிறைவேற்று மனுப் போடலாமா என்று வழக்கறிஞர் கேட்டார். சித்தி வேண்டாம் என்றார்; பையன் தேர்ச்சி பெற்ற செய்தியை அவர்களே போன் செய்து சொல்லியிருந்தார்கள். பணம் வந்து சேர்ந்ததும் ரசீது அனுப்பினோம். குழாய்களை மாற்றி, குளியலறையில் கைப்பிடி பொருத்தி, சித்தி கீழே வந்தார். பட்டா, சொத்துவரி, மின் இணைப்பு மூன்றிலும் பெயர்மாற்ற மனுக்கள் போயின.

இப்போது மேல்தளம் வாடகைக்கு. முன்பணம் மூன்று மாதம்தான் என்றபோது வந்தவர்களே ஆச்சரியப்பட்டார்கள். எழுத்து ஒப்பந்தம் போட்டு, வாடகை அதிகார அமைப்பின் இணையதளத்தில் இரு தரப்பு ஆவணங்களையும் ஏற்றிப் பதிவெண் வாங்கினோம். காலி செய்ய எத்தனை நாள் முன்னறிவிப்பு, பழுதுச் செலவில் யாருக்கு எது, அறிவிப்புகளை எந்த முகவரிக்கும் எந்தக் கைப்பேசி எண்ணுக்கும் அனுப்ப வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கிறது. வாடகை வங்கிக் கணக்குக்கு மட்டுமே. ஒப்பந்தம் முடிவதற்கு இரண்டு மாதம் முன்பே புதுப்பிப்பதா என்று இரு தரப்பும் எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்ற நிபந்தனையைச் சித்தியே கேட்டுச் சேர்த்தார்.